செஸ் என்ஜின்களை மோதவிட்டுப் பார்ப்பது: புதிதாக வருவோருக்கு

என் மேசைக்கடியில் ஒரு பழைய கணினி இருக்கிறது. மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது. ராத்திரி முழுக்க அது செஸ் ஆடும். என்ஜின் என்றால் செஸ் ஆடுகிற நிரல். இரண்டு என்ஜின்கள் ஒரே பெட்டிக்குள் உட்கார்ந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். காலையில் காபி டம்ளரோடு போய், எத்தனை வெற்றி, எத்தனை டிரா என்று பார்ப்பேன். வீட்டில் இதற்குச் சேவல் சண்டை என்று பெயர்.

“ஸ்டாக்ஃபிஷ் என்ற என்ஜின்தான் பெரிய ஆள் என்று ஊருக்கே தெரியும், இன்னும் எதைச் சோதிக்கிறீர்கள்?” என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஸ்டாக்ஃபிஷைச் சோதிக்க நீங்களும் நானும் தேவையே இல்லை, அதற்குப் பெரிய பட்டாளமே இருக்கிறது. நம் கை தேவைப்படுவது அதற்குக் கீழே இருக்கும் நூற்றுக்கணக்கான அமெச்சூர் என்ஜின்களுக்கு. அவற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தனி ஆட்கள். பகலில் வேறு வேலை, மாலையில் நிரல். எழுத நேரம் கிடைத்தாலும், எழுதியதை ஆயிரம் ஆட்டம் ஓட்டிப் பார்க்க அவர்களிடம் கணினி இருக்காது.

அமெச்சூர் என்றால் மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். 2005-இல் ஃபாபியன் லெதூசே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய ஃப்ரூட், பலரும் கேள்விப்படாத பெயராக வந்து, அந்த வருட உலகக் கணினி செஸ் போட்டியில் இரண்டாமிடம் பிடித்தது. அதன் நிரல் திறந்த மூலமாகவும் வெளிவந்தது. அதைப் படித்துக் கற்றவர்கள் ஏராளம். ஸ்டாக்ஃபிஷே 2008-இல், டோர்ட் ரோம்ஸ்டாட் எழுதிய கிளாரங் என்ற என்ஜினிலிருந்து கிளைத்ததுதான். இன்று தரப்பட்டியலின் அடியில் தவழ்கிற ஏதோ ஒன்று நாளைக்கு எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தக் கிறுக்கும் புதிதல்ல. ஸ்வீடனின் கணினி செஸ் சங்கம் 1984 முதல் தரப்பட்டியல் வெளியிட்டுவருகிறது. ஆரம்ப காலத்தில் இரண்டு செஸ் கருவிகளை மேசையில் எதிரெதிரே வைத்து, ஒன்று ஆடிய நகர்வை மனிதர் கையால் மற்றதில் போட்டு, ஒவ்வோர் ஆட்டத்தையும் மணிக்கணக்கில் முடித்தார்கள். நமக்கு அந்தத் தண்டனை இல்லை. ஒரு பொத்தானை அழுத்திவிட்டுத் தூங்கப் போகலாம்.

முதலில், எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள்

புதியவர்கள் செய்யக்கூடியவை மூன்று. சும்மா கிடக்கிற கணினியை ஸ்டாக்ஃபிஷின் சோதனைக் கூடத்துக்கு இரவல் கொடுப்பது ஒன்று. அதற்கு ஃபிஷ்டெஸ்ட் என்று பெயர். 2013-இல் கேரி லின்ஸ்காட் தொடங்கிய அமைப்பு அது. பதிவு செய்து, ஒரு சிறிய நிரலை நிறுவிவிட்டால், எந்த ஆட்டத்தை ஓட்டுவது என்று அதுவே வாங்கிக்கொள்ளும், முடிவை அதுவே திருப்பி அனுப்பும். உங்களுக்கு வேலையே இல்லை. கரண்ட் பில் மட்டும் உங்களுடையது. செஸ் என்ஜின் உலகம் எப்படி நடக்கிறது என்று வேடிக்கை பார்க்க நல்ல இடம். அங்கே வருகிற யோசனைகளில் பெரும்பாலானவை தோற்றுப்போவதைப் பார்த்தாலே பாதிப் பாடம் வந்துவிடும்.

இரண்டாவது, ஓர் என்ஜினின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் மோதவிட்டு, முன்னேற்றம் உண்டா என்று பார்ப்பது. மூன்றாவது, புதிதாக வந்த என்ஜினைப் பத்துப் பதினைந்து எதிரிகளோடு ஆடவிட்டு அதன் இடத்தைக் கணிப்பது. சிசிஆர்எல், சிஇஜிடி போன்ற தரப்பட்டியல் குழுக்கள் பல வருடங்களாகச் செய்துவருவது இந்த மூன்றாவதைத்தான். இந்தக் கட்டுரை பின்னிரண்டைப் பற்றியது.

பலகையும் என்ஜினும் வேறு வேறு

இணையத்திலிருந்து என்ஜினை இறக்கி, இரட்டைச் சொடுக்குப் போட்டால் ஒரு கறுப்புத் திரை வந்து நிற்கும். பலகையும் இல்லை, காயும் இல்லை. ஏமாந்துபோய் மூடிவிடுவார்கள். மூடாதீர்கள், அந்தக் கறுப்புத் திரைதான் என்ஜின். அதனோடு பேச ஒரு மொழி உண்டு, பெயர் யுசிஐ. 2000-ஆம் ஆண்டில் ருடால்ஃப் ஹூபர், ஸ்டெஃபான் மேயர்-காலன் என்ற இருவர் வகுத்தது. இன்றைய என்ஜின்களில் மிகப் பெரும்பாலானவை பேசுவது இதைத்தான்.

ஒரு முறை கையாலேயே பேசிப் பாருங்கள், பயம் போய்விடும். ஆங்கிலச் சின்ன எழுத்தில் யுசிஐ என்று தட்டி எண்டர் அழுத்தினால், என்ஜின் தன் பெயரையும் எழுதியவர் பெயரையும் சொல்லும். பிறகு தன்னிடம் திருப்பக்கூடிய குமிழ்களை எல்லாம் வரிசையாக ஒப்பிக்கும்: ஹேஷ் (கணக்கிட்டதை நினைவில் வைக்கும் இடம்) எவ்வளவு, த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் கணக்கு இழை) எத்தனை என்று. கடைசியில் ‘யுசிஐ ஓகே’. அப்புறம் ‘ஈஸ்ரெடி’ என்று கேட்டால் ‘ரெடிஓகே’ என்று பதில் வர வேண்டும். ‘பொசிஷன் ஸ்டார்ட்பாஸ்’ என்றால் தொடக்க நிலை. ‘கோ மூவ்டைம் 1000’ என்றால் ஒரு விநாடி யோசித்து ஆடு என்று பொருள். வரிவரியாக எண்கள் ஓடி, சரியாக ஒரு விநாடியில் ‘பெஸ்ட்மூவ்’ என்று ஒரு நகர்வு வந்து விழும். இவ்வளவுதான் பேச்சு. இந்தப் பேச்சில் திக்குகிற என்ஜின் போட்டியிலும் திக்கும்.

நாம் ஆயிரம் தடவை இப்படித் தட்டிக்கொண்டிருக்க முடியாது. இரண்டு என்ஜின்களுக்கும் நடுவராக நிற்க ஒரு நிரல் வேண்டும். நான் சொல்வது க்யூட் செஸ். இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். பலகையோடு ஒரு வடிவமும், பலகையில்லாமல் கட்டளை வரியில் ஓடும் ஒரு வடிவமும் உண்டு. பலகையோடு தொடங்கி, கை பழகியதும் கட்டளை வரிக்கு மாறுங்கள். ஆயிரக்கணக்கில் ஆட்டம் ஓட்டுகிறவர்கள் இப்போது ஃபாஸ்ட்செஸ் என்ற இன்னொன்றுக்கும் போகிறார்கள். அரீனாவும் பழைய கைதான், விண்டோஸில் வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும்.

எந்தக் கோப்பை இறக்குவது

என்ஜினின் பக்கத்தில் ஒரே பதிப்புக்கு ஐந்தாறு கோப்புகள் இருக்கும். ஒன்றில் பாப்கவுண்ட், ஒன்றில் ஏவிஎக்ஸ்2, ஒன்றில் பிஎம்ஐ2 என்று வால் ஒட்டியிருக்கும். அவை உங்கள் பிராசஸருக்குத் தெரிந்த கட்டளைகளின் பெயர்கள். இன்டெலில் 2013-இல் வந்த ஹாஸ்வெல் தலைமுறையில்தான் ஏவிஎக்ஸ்2 வந்தது. அதற்கு முந்தைய பெட்டியில் ஏவிஎக்ஸ்2 கோப்பைத் திறந்தால் ஒரு வார்த்தை பேசாமல் மூடிக்கொள்ளும். “என்ஜின் ஓடவில்லை” என்று வருகிற புகார்களில் பாதி இதுதான். ஏஎம்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஜென்3-க்கு முந்தையதென்றால் பிஎம்ஐ2 கோப்பு ஓடும், ஆனால் மெதுவாக ஓடும். அங்கே ஏவிஎக்ஸ்2 போதும்.

எங்கிருந்து இறக்குகிறோம் என்பது முக்கியம். எழுதியவரின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து மட்டும் எடுங்கள். முடிந்தால் மூலநிரலை எடுத்து நீங்களே தொகுத்துக்கொள்ளுங்கள். அமெச்சூர் என்ஜின் கோப்புகளை ஆன்டிவைரஸ் சந்தேகத்தோடுதான் பார்க்கும். பலமுறை வீண் சந்தேகம்தான் என்றாலும், நான் என்ஜின்களுக்கென்று கணினியில் தனி யூசர் கணக்கு வைத்திருக்கிறேன். என் வங்கிக் கணக்கும் குடும்பப் படங்களும் அதற்குள் கிடையாது.

மிகச் சின்ன என்ஜின் என்றால், ஆடவிடுமுன் அதற்குச் செஸ் விதி ஒழுங்காகத் தெரியுமா என்று பார்ப்பேன். அதற்குப் பெர்ஃப்ட் என்ற எண்ணிக்கைச் சோதனை இருக்கிறது. தொடக்க நிலையிலிருந்து ஒரு நகர்வில் 20 வழி, இரண்டில் 400, மூன்றில் 8,902, நான்கில் 1,97,281, ஐந்தில் 48,65,609. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் நகர்வு உருவாக்கத்தில் ஓட்டை இருக்கிறது. ஆனால் தொடக்க நிலையில் இந்த ஆழத்துக்குள் கேஸ்லிங் எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் கிவிபீட் என்றழைக்கப்படும் நெரிசலான நிலையையும் கொடுத்துப் பாருங்கள். அதில் 48, 2,039, 97,862 என்று வர வேண்டும். கேஸ்லிங்கிலும் என் பாசான்ட்டிலும் தப்பு செய்கிற என்ஜின்கள் இங்கே மாட்டிக்கொள்ளும்.

ஒரே தராசு

இரண்டு பக்கமும் ஒரே நிலைமையில் ஆட வேண்டும். இதைச் சொல்வது எளிது. இரண்டுக்கும் ஒரே ஒரு த்ரெட், ஒரே அளவு ஹேஷ். வேக ஆட்டத்துக்கு 16 அல்லது 64 எம்பி தாராளம். எதிரியின் நேரத்தில் யோசிக்கிற வசதியான பாண்டரை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரே கோரை இரண்டும் பங்கு போட்டுச் சண்டையிடும். சொந்தத் தொடக்கப் புத்தகம் வைத்திருக்கிற என்ஜின்கள் உண்டு, அதையும் அணையுங்கள். நாம் அளப்பது யோசிக்கிற திறனைத்தான், மனப்பாடத்தை அல்ல. சில காய்களே மிஞ்சிய நிலைகளுக்கு முன்பே விடை கணக்கிட்டு வைத்த முடிவாட்ட அட்டவணை கொடுத்தால் இருவருக்கும் கொடுங்கள். ரொனால்ட் டி மான் உருவாக்கிய சிசிஜி அட்டவணையில் ஐந்து காய் வரைக்கும் ஒரு ஜிபிக்குள் அடங்கும். ஆறு காய்க்கு ஏறத்தாழ 150 ஜிபி. ஏழு காய் டெராபைட் கணக்கு, நமக்கு வேண்டாம்.

ஒரே நேரத்தில் எத்தனை ஆட்டம் ஓட்டலாம்? பிராசஸரில் எட்டு என்று காட்டினால் எட்டு ஓட்டிவிடாதீர்கள். பல பெட்டிகளில் அது நான்கு கோரை இரட்டித்துக் காட்டுகிற கணக்கு. உண்மையான கோர் எத்தனை என்று பார்த்து, அதில் ஒன்றைக் கணினியின் சொந்தக் காரியத்துக்கு விட்டுவிட்டு, மிச்சத்தில் ஓட்டுங்கள். நான்கு கோர் என்றால் மூன்று ஆட்டம். புதிய லேப்டாப்களில் பெரிய கோர், சின்ன கோர் என்று கலந்து வருகிறது. ஒரு என்ஜின் பெரியதிலும் மற்றது சின்னதிலும் போய் உட்கார்ந்தால் தராசு சாய்ந்துவிடும். அங்கே பெரிய கோர்களில் மட்டும் ஓடுமாறு கட்டிவைக்க வேண்டும்.

வெயிலையும் கணக்கில் சேருங்கள். நான் இந்த வேலையைத் தொடங்கிய புதிதில், சித்திரை மாதத்தில், மெத்தைமேல் வைத்த லேப்டாப்பில் 400 ஆட்டம் ஓட்டினேன். முதல் ஒரு மணி நேரம் எல்லாம் ஒழுங்கு. அப்புறம் ஓர் என்ஜின் திடீரென்று நேரம் தவறித் தோற்க ஆரம்பித்தது. என்ஜின்மேல் தப்பு என்று நினைத்து, எழுதியவருக்கு நீளமாகப் புகார் அனுப்பினேன். “உங்கள் பெட்டி எத்தனை டிகிரியில் இருக்கிறது?” என்று பதில் வந்தது. பார்த்தால், சூடு தாங்காமல் பிராசஸர் தன் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டிருக்கிறது. 400 ஆட்டமும் குப்பைக்குப் போயிற்று. மேசைக்கடியில் பழைய பெட்டி வந்தது அந்த வாரம்தான்.

தொடக்கங்கள்: இங்கே நிதானமாக இருங்கள்

இரண்டு என்ஜின்களை வெறும் தொடக்க நிலையிலிருந்து ஆடவிட்டால் என்ன ஆகும்? ஒரே த்ரெட்டில் ஒரே நேரத்தில் ஆடுகிற என்ஜின் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் ஆடும். பத்தாவது ஆட்டம் முதல் ஆட்டத்தின் நகல்போல இருக்கும். நூறு ஆட்டம் ஆடியதாகக் கணக்கு, உண்மையில் ஆடியது பத்தோ பதினைந்தோ. ஆகவே ஆட்டங்களைப் பலவகைத் தொடக்க நிலைகளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் எட்டு நகர்வு ஆடிமுடித்த ஆயிரக்கணக்கான நிலைகள் அடங்கிய கோப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நடுவர் நிரலில் அந்தக் கோப்பைக் காட்டி, வரிசையாக எடுக்காமல் கலைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது விட்டுவிடவே கூடாத விஷயம். ஒவ்வொரு தொடக்கத்தையும் இரண்டு தடவை ஆடவையுங்கள், நிறத்தை மாற்றி. அந்த நிலை வெள்ளைக்குச் சாதகம் என்றால் இருவருக்கும் அந்தச் சாதகம் ஒரு தடவை கிடைக்கும். நடுவர் நிரலில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. அதை மறந்துவிட்டு ஓட்டிய போட்டிகளின் முடிவை நான் படிப்பதே இல்லை.

எப்படிப்பட்ட தொடக்கம் என்பது எதிரிகளின் தரத்தைப் பொறுத்தது. உச்சியில் இருக்கும் என்ஜின்களுக்குச் சமநிலையான தொடக்கம் கொடுத்தால் டிரா, டிரா, டிரா என்று தூக்கம் வந்துவிடும். ஒன்று எத்தனை மேலானது என்று வெளியே தெரியவே தெரியாது. அதற்காகத்தான் வேண்டுமென்றே வெள்ளைக்கு நல்ல சாதகம் வைத்த தொடக்கங்களைத் தொகுத்தார்கள். ஸ்டெஃபான் போல் தொகுத்த யுஎச்ஓ வரிசை அந்த வகைதான். வெள்ளை ஜெயிக்குமா, கறுப்பு தாக்குப்பிடிக்குமா என்று கத்திமுனையில் நிற்கிற நிலைகள். என்ஜின்களுக்கென்றே நடக்கும் டிசிஇசி போட்டியிலும் இதே காரணத்துக்காகத்தான் ஒருபக்கம் சாய்ந்த தொடக்கங்களை நிறம் மாற்றி இரண்டு தடவை ஆடவைக்கிறார்கள். அமெச்சூர் என்ஜின்களுக்கு இது தேவையில்லை. அவை சமநிலையிலிருந்தே போதுமான அளவு தப்பு செய்யும்.

நேரம்

10+0.1 என்று எழுதினால் ஆட்டம் முழுவதற்கும் 10 விநாடி, ஒவ்வொரு நகர்வுக்கும் 0.1 விநாடி கூடுதல். ஓர் ஆட்டம் ஏறக்குறைய அரை நிமிடத்தில் முடிந்துவிடும். மூன்று கோரில் 1000 ஆட்டம் என்றால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். சிசிஆர்எல் தன் நீண்ட பட்டியலுக்கு வைத்திருக்கும் அளவு, இன்டெல் ஐ7-4770கே பிராசஸரில் 15 நிமிடத்துக்கு 40 நகர்வு என்பதற்கு நிகரானது. அதில் ஓர் ஆட்டம் முக்கால் மணி நேரம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 1000 ஆட்டத்துக்குப் பத்து நாளுக்கு மேல் ஆகும். ஒரு குழுவாகச் சேர்ந்து பிரித்துக்கொண்டால்தான் கட்டுப்படியாகும். தனி ஆளுக்கு வேக ஆட்டம்தான் சரி.

யாரோடு மோதவிடுவது

குருவி தலையில் பனங்காய் வைக்காதீர்கள். சிசிஆர்எல் பட்டியலில் ஸ்டாக்ஃபிஷ் 3600-க்கு மேல் இருக்கிறது. டாம் கெரிகன் எழுதிய டிஎஸ்சிபி என்ற பாடப்புத்தகம் போன்ற சின்ன என்ஜின் 1700 பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் மோதவிட்டால் நூற்றுக்கு நூறு. அதிலிருந்து எதையும் அளக்க முடியாது. நூறு நூற்றைம்பது தரப்புள்ளி வித்தியாசத்துக்குள் இருக்கும் எதிரிகளைத் தேர்ந்தெடுங்கள். நூறு தரப்புள்ளி வித்தியாசம் என்றால் வலியவர் நூறு ஆட்டத்தில் 64 புள்ளி எடுப்பார், மெலியவருக்கும் 36 கிடைக்கும். அளக்க அது நல்ல இடம்.

எதிரி ஒன்று போதாது, குறைந்தது பத்து வேண்டும். ஒரே எதிரியிடம் காட்டுகிற வீரம் எல்லாரிடமும் செல்லுபடியாகாது. குறிப்பாக ஓர் என்ஜினை அதன் முந்தைய பதிப்போடு மட்டும் மோதவிட்டால் முன்னேற்றம் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். வெளியாட்களோடு ஆடவிட்டதும் அது சுருங்கிப்போகும்.

தரப்பட்டியல் எண்ணை நம் மனித ஆட்டக்காரர்களின் ரேட்டிங்கோடு ஒப்பிட வேண்டாம். ஒரு பட்டியலின் எண்ணை இன்னொரு பட்டியலின் எண்ணோடும் ஒப்பிட வேண்டாம். ஒவ்வொன்றும் தனித்தனி அளவுகோல். வித்தியாசத்துக்குத்தான் அர்த்தம்.

முதலில் இருபது ஆட்டம்

ஆயிரம் ஆட்டத்தை அழுத்திவிட்டுப் படுக்கப் போகுமுன், இருபது ஆட்டம் ஓட்டி, ஆட்டக் கோப்பைத் திறந்து ஒவ்வொன்றும் எப்படி முடிந்தது என்று பாருங்கள். மேட், மும்முறை ஒரே நிலை, ஐம்பது நகர்வு விதி என்று இருந்தால் சரி. நேரம் தவறியது, விதிமீறிய நகர்வு, இணைப்பு அறுந்தது என்று ஒன்று இருந்தாலும் நிறுத்துங்கள். நேரம் தவறினால் நகர்வுக்கு விடுகிற தாமத அவகாசத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். இந்த இருபது ஆட்டத்தைச் சோம்பல்பட்டு விட்டவர்கள் காலையில் எழுந்து, ஓர் என்ஜின் முதல் நகர்விலேயே 998 தடவை செத்துக் கிடப்பதைப் பார்ப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

ராத்திரி கரண்ட் போனால்? க்யூட் செஸ் ஒவ்வோர் ஆட்டமும் முடிந்தவுடனே கோப்பில் எழுதிவிடும். ஆடியவரைக்கும் பத்திரம், மிச்சத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

ரிசல்ட்டைப் படிப்பது

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. இந்தப் பானையில் பத்தாயிரம் சோற்றை நசுக்கிப் பார்த்தாலும் வெந்ததா வேகவில்லையா என்ற சந்தேகம் கொஞ்சம் பாக்கி இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு ஆட்டம் ஓட்டினீர்கள். புதிய பதிப்புக்கு 30 வெற்றி, 50 டிரா, 20 தோல்வி. நூற்றுக்கு 55. ஆட்ட முடிவைத் தரப்புள்ளியாக்கும் எலோ சூத்திரத்தில் போட்டால் கூட்டல் 35. பத்து வெற்றி அதிகம் என்றதும் மனசு துள்ளும். ஆனால் 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல வேண்டுமென்றால், உண்மையான வித்தியாசம் கழித்தல் 13-இலிருந்து கூட்டல் 84 வரைக்கும் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். புதியது பழையதைவிட மோசமாகக்கூட இருக்கலாம் என்று பொருள்! அதே விகிதம் 1000 ஆட்டத்தில் வந்தால், 300 வெற்றி, 500 டிரா, 200 தோல்வி, அப்போது எல்லை கூட்டல் 20-இலிருந்து 50 வரை. இப்போது தைரியமாக “முன்னேறியிருக்கிறது” என்று சொல்லலாம். எவ்வளவு என்று கேட்டால் இன்னும் வாயை மூடிக்கொள்வது நல்லது.

பாதி ஆட்டம் டிராவாகிற போட்டியில் என் மனக்கணக்கு இது: 100 ஆட்டத்துக்குப் பிழை வரம்பு கூட்டல் கழித்தல் 48, 1000 ஆட்டத்துக்கு 15, 10,000 ஆட்டத்துக்கு 5. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்டம் வேண்டும். இரண்டு புள்ளி முன்னேற்றத்தை நிரூபிக்கப் பல பத்தாயிரம் ஆட்டம் வேண்டும். ஃபிஷ்டெஸ்டுக்கு ஊர் கூடித் தேர் இழுக்கிற கூட்டம் எதற்கு என்று இப்போது தெரிந்திருக்கும். பல எதிரிகளோடு ஆடிய ஆட்டங்களை ஒன்றாகப் போட்டுத் தரம் கணக்கிட ஓர்டோ, பேய்ஸ்எலோ என்று இலவச நிரல்கள் இருக்கின்றன. ஆட்டக் கோப்பைக் கொடுத்தால் பிழை வரம்போடு பட்டியல் தரும்.

புதியவர்கள் தெரியாமல் செய்கிற பெரிய தப்பு ஒன்று உண்டு. போட்டி ஓடும்போதே எட்டிப்பார்த்து, தனக்குப் பிடித்த பக்கம் முந்துகிற நேரமாகப் பார்த்து நிறுத்துவது. சீட்டாட்டத்தில் கெலித்தவுடன் எழுந்துபோவது போல. இப்படிச் செய்தால் எந்த என்ஜினையும் சிறந்தது என்று காட்டிவிடலாம். அதனால் எத்தனை ஆட்டம் என்று முன்பே எழுதிவைத்துவிட்டு ஓட்டுங்கள்.

எட்டிப்பார்க்காமல் இருக்க முடியாது என்பவர்களுக்கு எஸ்பிஆர்டி என்ற முறை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஏப்ரகாம் வால்ட் என்ற கணிதவியலாளர், தொழிற்சாலைப் பொருள்களைச் சோதிக்க வகுத்தது. ‘முன்னேற்றம் ஒன்றும் இல்லை’ என்பது ஒரு பக்கம், ‘5 புள்ளி முன்னேற்றம்’ என்பது மறுபக்கம் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். ஆட்டம் முடிய முடிய ஓர் எண் மேலும் கீழும் நகரும். இருபுறமும் 5 சதவீதப் பிழையை ஏற்றுக்கொண்டால், அந்த எண் கூட்டல் 2.94-ஐத் தொட்டால் பாஸ், கழித்தல் 2.94-ஐத் தொட்டால் ஃபெயில். தொடும்வரை ஆட்டம் நிற்காது. தெளிவான வித்தியாசம் என்றால் சீக்கிரம் முடியும், இழுபறி என்றால் நாள்கணக்கில் ஓடும். க்யூட் செஸ் கட்டளை வரியிலும் ஃபாஸ்ட்செஸிலும் இது உள்ளேயே இருக்கிறது. ஃபிஷ்டெஸ்டில் ஒரு யோசனை முதலில் 10+0.1 நேரத்தில் இந்தச் சோதனையைத் தாண்டி, பிறகு 60+0.6 நேரத்திலும் தாண்டினால்தான் உள்ளே போகும்.

பிழை பிடிப்பது, சொல்வது

எனக்கு ரேட்டிங் எண்ணைவிட இதில்தான் ருசி. ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்க நடுவர் நிரலில் ஒரு வசதி உண்டு: ஒரு பக்கம் தெளிவாகத் தோற்கிறது என்று தெரிந்தால் அங்கேயே தோல்வி என்று அறிவித்துவிடும். பலமான என்ஜின்களுக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும். அமெச்சூர் என்ஜினுக்கு அதை அணைத்துவிடுங்கள். காரணம் சொல்கிறேன்.

ஒரு புதிய என்ஜின், பெயர் வேண்டாம். 200 ஆட்டத்தில் நான்கு விநோதமான டிரா. திறந்து பார்த்தால் அதனிடம் ராஜாவும் யானையும், எதிரியிடம் வெறும் ராஜா. எந்த நிலையிலிருந்தும் 16 நகர்வுக்குள் மேட் செய்துவிடக்கூடிய முடிவாட்டம் அது, ஸ்கூல் பிள்ளைகளே செய்வார்கள். இதுவோ ஒவ்வொரு நகர்விலும் “ஏழில் மேட்” என்கிறது. அடுத்த நகர்விலும் ஏழில் மேட். அதற்கடுத்தும் ஏழு. யானையை இந்தப் பக்கம் நகர்த்தி, அந்தப் பக்கம் நகர்த்தி, கல்யாண வீட்டில் சாவியைத் தொலைத்தவர் போல ஐம்பது நகர்வும் சுற்றி, விதிப்படி டிரா. சீக்கிரம் முடிக்கிற வசதி இயங்கியிருந்தால் நான்கும் வெற்றி என்றே பதிவாகியிருக்கும், இந்த நோய் வெளியே தெரிந்திருக்காது.

நோய் என்னவென்றால், மேட் எத்தனை நகர்வு தள்ளி என்ற எண்ணை ஹேஷில் போட்டுவைக்கும்போது, அந்த நிலையிலிருந்து எண்ணிப் போட வேண்டும், தேடல் தொடங்கிய இடத்திலிருந்து எண்ணியதை அப்படியே போடக்கூடாது. புதிதாக எழுதுகிறவர்களில் நிறையப் பேர் விழுகிற பள்ளம் இது. ஆனால் காரணத்தை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அறிகுறியைத் துல்லியமாகச் சொன்னால் போதும். என்ஜினின் எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பு, எந்த இயங்குதளம், நேரம் எவ்வளவு, ஹேஷ் எவ்வளவு, கூடவே அந்த ஆட்டத்தின் கோப்பு, பிரச்சினை தொடங்குகிற நிலை. முடிந்தால் நடுவருக்கும் என்ஜினுக்கும் நடந்த பேச்சின் பதிவையும் சேருங்கள். “உங்க என்ஜின் டிரா பண்ணுது” என்று ஒற்றை வரி அனுப்பினால் எழுதியவர் என்னதான் செய்வார்?

சொல்கிற விதமும் இருக்கிறது. அவர் சம்பளம் வாங்கிக்கொண்டு இதைச் செய்யவில்லை. ஸ்டாக்ஃபிஷோடு ஒப்பிட்டுக் கேலி செய்கிறவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள், அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம். திருட்டுக் குற்றச்சாட்டில் இன்னும் நிதானம் வேண்டும். 2007 முதல் 2010 வரை நான்கு உலகப் போட்டிகளை வென்ற ரிப்காவின் பட்டங்களை, பிறர் நிரலைச் சொல்லாமல் எடுத்தாண்டது என்று 2011-இல் அந்தப் போட்டிகளை நடத்தும் ஐசிஜிஏ சங்கம் பறித்தது. அந்தச் சண்டையின் தழும்பு இந்தக் கூட்டத்தில் இன்னும் ஆறவில்லை. இரண்டு என்ஜின்கள் ஒரே மாதிரி நகர்வை ஆடுவது மட்டும் எதையும் நிரூபிக்காது.

அந்த யானை முடிவாட்டப் புகாருக்கு இரண்டு நாளில் பதில் வந்தது. நிரலில் இரண்டு வரியைத் திருத்தியிருந்தார். திருத்திய பதிப்பையும் பழையதையும் நேற்று மோதவிட்டேன், 10+0.1, நிறம் மாற்றி, 1000 ஆட்டம். விநோத டிரா ஒன்றுகூட இல்லை. எலோவில் கூட்டல் 9, பிழை வரம்பு 15. அதாவது ஒன்றும் தெரியவில்லை. இன்னும் 2000 ஆட்டம் சேர்த்து ஓட்டிவிட்டு, மூவாயிரத்தையும் ஒன்றாக அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறேன். பெட்டி இப்போது 412-ஆவது ஆட்டத்தில் இருக்கிறது.